பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால்

2024 ஏப்ரல் 16ஆம் திகதி இரவு, ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மெண்டில் நானும் மருமகனும் ஒரே நேரத்தில் இரண்டு ஐஸ் ஹொக்கி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய டிவியில் மொன்றியல். அவனுடைய ஃபோனில் பிலடெல்ஃபியா. என்னுடைய அணியான டிட்ராய்ட் ரெட் விங்ஸ் எட்டு வருசத்துக்குப் பிறகு பிளேஓஃபுக்குள் (சீசன் முடிந்ததும் கிண்ணத்துக்காக முன்னணி அணிகள் மட்டும் மோதும் சுற்றுகள்) நுழைய வேண்டுமென்றால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். நாங்கள் மொன்றியலை வெல்ல வேண்டும். வாஷிங்டன் பிலடெல்ஃபியாவிடம் தோற்க வேண்டும்.

பிலடெல்ஃபியாவில் ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஆனால் பிலடெல்ஃபியாவுக்கும் அன்றைக்குச் சமநிலை போதாது, 60 நிமிடத்துக்குள் வென்றே ஆக வேண்டும். அதனால் ஹொக்கியில் பின்தங்கிய அணிகள் மட்டும் செய்கிற ஒரு காரியத்தைச் சமநிலையில் இருந்தபடியே செய்தார்கள். கோலியை, அதாவது கோல் காப்பாளரை, வெளியே அழைத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு ஆட்டக்காரரை இறக்கினார்கள். காலியாகக் கிடந்த கோல் கூட்டுக்குள் வாஷிங்டன் பந்தை அடித்துவிட்டது. பந்து என்று பழக்கத்தில் சொல்கிறேன், அது தட்டையான ரப்பர் வில்லை. மொன்றியலில் டேவிட் பெரோன் கடைசி மூன்று விநாடி இருக்கும்போது சமன் செய்து, பிறகு ஷூட்அவுட்டில் நாங்கள் வென்றோம். என்ன பிரயோசனம்? இரண்டு அணிக்கும் 91 புள்ளி. 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்கள் அவர்களுக்கு 32, எங்களுக்கு 27. வாஷிங்டன் உள்ளே, நாங்கள் வெளியே. அந்த வாஷிங்டன் சீசன் முழுக்க அடித்ததை விட வாங்கிய கோல் 37 அதிகம். முதல் சுற்றிலேயே நியூயோர்க்கிடம் நாலுக்கு பூச்சியம் என்று அடி வாங்கிப் போனது. அது வேறு வயிற்றெரிச்சல்.

மருமகன் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். இங்கேயே பிறந்தவன், வேறு வழியில்லை. கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் அமைதியாக ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, கோபிக்காதேங்கோ. உங்கட ஐசர்மன் இல்லாமல், பேர் தெரியாத ஒருத்தர் இந்த அஞ்சு வருசத்தை நடத்தியிருந்தா நீங்கள் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு வருசமும் போய், 2025 கோடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடையில் இன்னொரு சீசனும் பிளேஓஃப் இல்லாமல் முடிந்துவிட்டது. இப்போது ஒன்பது.

டிட்ராய்ட்டின் ஜெனரல் மனேஜரான ஐசர்மன் எனக்கு யார் என்று சொன்னால்தான் அந்தக் கேள்வி ஏன் தொண்டையில் நின்றது என்று விளங்கும். 1994இல் கனடா வந்து நான் முதலில் இருந்தது ரொறன்ரோவில் இல்லை, வின்சரில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் டிட்ராய்ட். அப்போது ரெட் விங்ஸ் ஆடிய ஜோ லூயிஸ் அரீனா ஆற்றங்கரையிலேயே இருந்தது, வின்சர் கரையில் நின்றால் தெரியும். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. ஓய்வு நேரத்தில் சாப்பாட்டு அறை டிவியில் ஓடியது இந்த விளையாட்டுத்தான். முதல் மாதம் எனக்கு அது வில்லையைத் தொலைத்துவிட்டு ஆளையாள் அடிக்கிற சமாச்சாரமாகவே தெரிந்தது. பக்கத்து மெசினில் நின்ற ஒரு வயதான மனிதர்தான் "19ஆம் இலக்கத்தை மட்டும் பார், வில்லையைப் பார்க்காதே" என்றார். அப்படித்தான் ஸ்டீவ் ஐசர்மனைப் பார்க்கத் தொடங்கினேன்.

21 வயதில் அணித்தலைவர் ஆனவர். 1988-89 சீசனில் 65 கோல், கோலுக்கு உதவியதும் சேர்த்து மொத்தம் 155 புள்ளி எடுத்த மனுசன். ஸ்கொட்டி போமன் பயிற்சியாளராக வந்து 'கோல் அடித்தது போதும், தடுக்கவும் வேண்டும்' என்ற கதையை ஆரம்பித்ததும், தன் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டு தடுத்தாடப் பழகினார். 1997 ஜூனில் 42 வருசத்துக்குப் பிறகு லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணம் டிட்ராய்ட்டுக்கு வந்தது. ஆறு நாளில் அணியின் தடுப்பாட்டக்காரர் விளாடிமிர் கொன்ஸ்டன்டினோவ் கார் விபத்தில் சிக்கி, திரும்ப விளையாடவே முடியாமல் போனார். அடுத்த வருசம் மறுபடி வென்றபோது, ஐசர்மன் கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சக்கர நாற்காலியில் இருந்த கொன்ஸ்டன்டினோவின் மடியில் வைத்தார். சாப்பாட்டு அறையில் ஒருவரும் பேசவில்லை. ஊரை விட்டு வந்து, யாருக்காகவும் அழக்கூடாது என்று இறுகிப்போயிருந்த காலத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஆக, 2019 ஏப்ரலில் ஐசர்மன் ஜெனரல் மனேஜராக (ஜீ.எம்., ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்து, வாங்கி விற்று அணியைக் கட்டுகிறவர்) திரும்பி வந்தபோது நான் கணக்குப் பார்க்கிற நிலையில் இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்ற சந்தோசம்.

அவர் கையில் கிடைத்த அணி எப்படிப்பட்டது? 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன் பிளேஓஃபுக்குப் போன அணி அது. அந்தச் சாதனையை நீட்டுவதற்காகவே முந்திய ஜீ.எம். கென் ஹாலண்ட் கடைசி வருசங்களில் எதிர்கால டிராஃப்ட் உரிமைகளை (புது இளைஞர்களைத் தெரிவு செய்யும் வாய்ப்புகளை) விற்று, வயதானவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து, வீட்டு நகையை அடகு வைத்துத் திருவிழா நடத்தினார். அடகுச் சீட்டு வந்து சேர்ந்தது ஐசர்மனிடம். 2019-20இல், கொவிட் வந்து நிறுத்தும்வரை ஆடிய 71 ஆட்டத்தில் 17 வெற்றி, 39 புள்ளி. கடைசிக்கு முந்திய அணியான ஒட்டாவாவுக்கே 62. இதில் ஒரு விசித்திரம்: 1985-86இல் டிட்ராய்ட் கடைசியாக வந்தபோதும் 17 வெற்றிதான், 80 ஆட்டத்தில் 40 புள்ளி. அந்த அணியில் 20 வயது ஐசர்மன் ஆடினார்.

கடைசியாக வருகிற அணிக்கு ஆறுதல் பரிசு உண்டு. அடுத்த தலைமுறை இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க அந்த வரிசையை லொத்தர் குலுக்கித்தான் தீர்மானிக்கிறார்கள். 2020இல் டிட்ராய்ட்டுக்கு முதலிடம் கிடைக்க இருந்த வாய்ப்பு 18.5 வீதம். அப்போதைய விதிப்படி கடைசி அணி ஆக மோசமாக விழக்கூடிய இடம் நான்கு. டிட்ராய்ட் விழுந்தது நான்கில்.

நான்கு என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். 1983இல் டிட்ராய்ட்டின் ஜீ.எம். ஜிம் டெவெலானோ ஆசைப்பட்டது பாட் லாஃபொன்டேன் மீது, உள்ளூரில் வளர்ந்த பிள்ளை என்பதால். மூன்றாமிடத்தில் இருந்த நியூயோர்க் ஐலண்டர்ஸ் அவரை எடுத்துவிட்டது. ஏமாற்றத்தோடு நான்காவதாக எடுத்தவர்தான் ஐசர்மன். டெவெலானோ 1989இல் மூன்றாம் சுற்றில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரமையும், நான்காம் சுற்றில் செர்கே ஃபெடரோவையும், பதினோராம் சுற்றில் கொன்ஸ்டன்டினோவையும் எடுத்தார். அப்படி ஒரு வருசம் எந்த அணிக்கும் அமையாது. அடுத்த வருசமே அவர் ஜீ.எம். பதவியில் இல்லை. கிண்ணம் வந்தது ஐசர்மனை எடுத்துப் பதினாலு வருசம் கழித்து. 1988இல் யாராவது 'டெவெலானோவின் கட்டியெழுப்பல் வெற்றியா?' என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

இன்னொரு 19ஆம் இலக்கக்காரரிடம் வருகிறேன். தொண்ணூறுகளில் நாங்கள் ஜென்மப் பகையாக நினைத்த அணி கொலராடோ அவலாஞ்ச். 1997 மார்ச் 26ஆம் திகதி நடந்த ஆட்டத்தில் கோலிகள் உட்பட எல்லாரும் அடிபட்டு ஐஸில் இரத்தம் சிந்தியது. எங்கள் தொழிற்சாலையில் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். அந்தக் கொலராடோவின் தலைவர் ஜோ சாக்கிக். அவரும் 19. அவரும் அணித்தலைவராகக் கிண்ணம் தூக்கியவர். அவரும் ஓய்வுபெற்ற பின் தன் பழைய அணியின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர், 2013இல். முதல் வருசம் 112 புள்ளி. எல்லாரும் மேதை என்றார்கள். பிறகு சரிவு. 2016 ஓகஸ்டில் பயிற்சியாளர் பாட்ரிக் ருவா, தன் பேச்சு எடுபடவில்லை என்று சட்டென்று விலகிப் போனார். 2016-17இல் 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 48 புள்ளி. லீக்கிலேயே கடைசி. லொத்தரில் விழுந்த இடம்? நான்கு.

அந்த வசந்தத்தில் சாக்கிக்கைத் துரத்துங்கள் என்று கொலராடோவில் கூச்சல். நானும் சிரித்தேன், மறைப்பானேன். நல்ல ஆட்டக்காரன் நல்ல மனேஜர் ஆக முடியாது என்பதற்கு உதாரணமாக நானே அவரைப் பல பேரிடம் காட்டியிருக்கிறேன். நான்காமிடத்தில் சாக்கிக் எடுத்த பையன் கேல் மக்கார். ஐந்து வருசத்தில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர், பிளேஓஃபின் சிறந்த ஆட்டக்காரர், கையில் கிண்ணம். 2022 இறுதிச் சுற்றில் கொலராடோ தோற்கடித்தது யாரை? தம்பா பே லைட்னிங்கை. ஐசர்மன் 2010 முதல் 2018 வரை கட்டிய அணியை.

அப்படியானால் சாக்கிக் கெட்டிக்காரர், ஐசர்மன் இல்லை என்று முடித்துவிடலாமா? மக்கார் விசயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். கொலராடோ முதலிடத்தை வென்றிருந்தால் மக்காரை எடுத்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்த வருசம் எல்லார் பட்டியலிலும் முன்னால் இருந்த பெயர்கள் வேறு. லொத்தரில் தோற்றது அவர்களுக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம். ஐசர்மன் நான்கில் எடுத்த லூக்கஸ் ரேமண்ட் 2024-25இல் 80 புள்ளி எடுத்த முதல்தர ஆட்டக்காரர், தவறான தெரிவே இல்லை. மக்கார் போன்ற ஒருவர் அந்த வருசம் நான்கில் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாக்கிக்கின் திறமை தெரிவது மற்றக் காரியங்களில். மாட் டுஷேன் என்ற நட்சத்திரம் தன்னை விற்றுவிடச் சொல்லிக் கேட்டபோது, மலிவாகத் தள்ளிவிடாமல் 2017 நவம்பர்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பிடிவாதம் என்றார்கள். கடைசியில் ஒட்டாவாவின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் சேர்ந்து வந்தது. 2019இல் ஒட்டாவா கடைசியாக வந்தது. அந்த உரிமை லொத்தரில் போய் விழுந்ததும் நான்கில். (சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை.) ஐலண்டர்ஸிடமிருந்து டெவன் டேவ்ஸை வெறும் இரண்டு இரண்டாம் சுற்று உரிமைக்கு வாங்கினார். ரொறன்ரோ வேண்டாமென்ற நசீம் கட்ரியை 2019இல் கொண்டுபோனார். 2022 இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் கோல் அடித்து முடித்தவர் கட்ரிதான். மருமகன் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

இப்போது அவன் சொன்னபடி பெயரை மறைத்துவிட்டு டிட்ராய்ட்டைப் பார்க்கிறேன்.

முதல் சுற்றுத் தெரிவுகளுக்கு நல்ல மதிப்பெண். 2019இல் ஆறாமிடத்தில் மோரிட்ஸ் சைடர் என்ற ஜெர்மன் பையனை அழைத்தபோது அரங்கில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. பையனின் முகமே நம்ப முடியாமல் போனதைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. அவர் 2022இல் லீக்கின் சிறந்த புதுமுகம். முதல் நாலு சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தவறவில்லை. ரேமண்ட், சைமன் எட்வின்சன், மார்கோ காஸ்பர்... இந்த நாலு பேரையும் எடுத்த இடங்கள் நான்கு, ஆறு, ஆறு, எட்டு. முதல் மூன்று இடத்தில் ஒரு தடவைகூட எடுக்க வாய்க்கவில்லை. ஆறு வருசத்தில் நாலு தடவை முதலிடம் கிடைத்த எட்மன்டனோடு இதை ஒப்பிடுவது அநியாயம்.

ஆனால் முதல் சுற்றுக்கு வெளியே போனால் பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தம்பாவில் இதே மனிதர் நிகிதா குச்சரோவை 58ஆம் இடத்தில் எடுத்தார். பிரேடன் பொயின்டை 79இல், ஒண்ட்ரே பலாட்டை 208இல். தம்பா தம்பா ஆனது அந்த மூவரால். டிட்ராய்ட்டில் ஆறு டிராஃப்டுக்குப் பிறகு அப்படி ஒருவர் இன்னும் கிளம்பவில்லை. சிலர் அணிக்குள் வந்திருக்கிறார்கள், உதவுகிறார்கள். ஆட்டத்தையே மாற்றுகிற ஒருவர் இல்லை. இதை லொத்தர் மீது போட முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது ஜூலை மாதங்கள்தான். அப்போதுதான் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்குக் கடை திறக்கும். சம்பளத்துக்கு அணிக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பதால், ஒருவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு டொலரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத டொலர். 2022இல் ஆண்ட்ரூ கொப்புக்கு ஐந்து வருசம், வருசத்துக்கு 5.625 மில்லியன். அடுத்த வருசம் ஜே.டி. கொம்ஃபருக்கு ஐந்து வருசம், 5.1 மில்லியன். நேர்மையாக உழைக்கிறவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் நிற்க வேண்டியவரை இரண்டாம் வரிசைச் சம்பளத்துக்கு வாங்கினால், அவரை இரண்டாம் வரிசையில் ஆட விட்டே ஆக வேண்டும். அங்கே வளர வேண்டிய பையன் கீழ் லீக்கில் காத்திருப்பான். பையன்கள் அவசரமின்றிப் பழுக்கட்டும் என்பது ஐசர்மனின் எண்ணம். நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? 74 புள்ளி, 80, 91, 86. பிளேஓஃபுக்கும் போகாது, லொத்தரில் முன்னுக்கும் நிற்காது. திரிசங்கு சொர்க்கம் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் ஜேக் வால்மன். இந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. 2024 ஜூனில், 3.4 மில்லியன் சம்பளத்தில் இன்னும் இரண்டு வருசம் ஒப்பந்தம் இருந்த தடுப்பாட்டக்காரரை சான் ஹோசேக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை. வாங்காததோடு, 'தயவுசெய்து இவரை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு இரண்டாம் சுற்று உரிமையையும் மேலே வைத்துக் கொடுத்தார். ஒன்பது மாதத்தில் சான் ஹோசே அதே வால்மனை எட்மன்டனுக்கு ஒரு முதல் சுற்று உரிமைக்கு விற்றது. எட்மன்டன் அவரோடு இறுதிச் சுற்றுவரை போனது. ஒரு பொருளுக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்திருப்பது ஜீ.எம்.மின் அடிப்படைத் தொழில். வீட்டில் கிடந்த பழைய செப்புக் குடத்தை எடுத்துப்போகக் கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த தெருவில் அதே குடம் நல்ல விலைக்குப் போவதைப் பார்க்கிற கதை இது.

நல்ல வியாபாரமும் செய்திருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 பெப்ரவரி கடைசியில் அணி பிளேஓஃப் வாசலில் நின்றது. ஒட்டாவாவில் அடுத்தடுத்த இரண்டு இரவு படுதோல்வி. உடனே டைலர் பெர்டுசியையும் பிலிப் ரோனெக்கையும் விற்றார். ஆட்டக்காரர்களே வெறுத்துப்போனார்கள். ஆனால் பெர்டுசிக்குக் கிடைத்த உரிமையும் பின்னால் சேர்ந்துதான் அலெக்ஸ் டிபிரிங்கட் வந்தார். 2024-25இல் 39 கோல். ரோனெக்குக்குக் கிடைத்த முதல் சுற்று உரிமையில் அக்செல் சான்டின் பெலிக்கா என்ற சுவீடன் பையன் கிடைத்தார். வாசலில் நின்றபோதும் தன் அணி அவ்வளவு நல்ல அணி இல்லை என்று கண் திறந்து பார்த்தாரே, அதற்காக அவரை மெச்சுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், ஒரு ஜீ.எம்.மின் வேலைக்கு மதிப்பெண் வருவதற்குள் அவர் அங்கே இருப்பதில்லை. ஐசர்மன் தம்பாவை விட்டது 2018 செப்டெம்பரில். அவருக்கு உதவியாளராக இருந்த ஜூலியன் பிரீஸ்புவா பொறுப்பெடுத்த முதல் சீசனில் 62 வெற்றி, 128 புள்ளி, பிறகு முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு பூச்சியம். அன்றைக்குக் கணக்கை மூடியிருந்தால், ஐசர்மன் கட்டியது அழகான பலூன் என்று எழுதியிருப்பார்கள். பிரீஸ்புவா எதையும் இடிக்கவில்லை. 2020 பெப்ரவரியில் இரண்டு முதல் சுற்று உரிமைகளைச் செலவழித்து பிளேக் கோல்மனையும் பார்க்லே குட்ரோவையும் கொண்டுவந்தார். 2020, 2021 இரண்டு கிண்ணம். அதில் ஐசர்மனுக்கு எத்தனை பங்கு? என் கணக்கில் பெரும்பங்கு. ஆனால் அவரும் ஸ்டீவன் ஸ்டாம்கோசையும் விக்டர் ஹெட்மனையும் முந்தியவர்களிடமிருந்தே பெற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்காகோவில் இன்னும் கொடுமை. ஜொனதன் டேவ்ஸையும் பாட்ரிக் கேனையும் எடுத்த டேல் டாலனை 2009 ஜூலையில் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த ஜூனில் கிண்ணம். நான் இதைக் கேள்விப்பட்டபோது பழைய ஒரு மனேஜரைத்தான் நினைத்தேன். பெயர் வேண்டாம், தொழிற்சாலையின் பெயரும் வேண்டாம். வந்த நாள் முதல் மெசின்களை இடம் மாற்றினார், எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார், இரண்டு வருசம் காகிதத்தில் நட்டம் காட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியோடு போனார். ஆறு மாதத்தில் உற்பத்தி ஏறியது. புதிதாக வந்தவர் எங்களுக்கெல்லாம் பீட்சா வாங்கிக் கொடுத்துத் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மருமகனின் பக்கமும் வேடிக்கைதான். ரொறன்ரோவைக் கட்டியெழுப்ப 2014இல் தலைவராக வந்த பிரெண்டன் ஷனஹன், ஐசர்மனோடு சேர்ந்து டிட்ராய்ட்டில் கிண்ணம் தூக்கியவர். அவருக்கு லொத்தர் விழுந்தது. 2016இல் முதலிடம், ஓஸ்டன் மத்தியூஸ். ஒன்பது வருசம் தொடர்ந்து பிளேஓஃப். வென்ற சுற்றுகள் இரண்டே இரண்டு. இந்த 2025 மே மாதம் அவருடைய ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு ஷனஹன் ஐசர்மனை விட எத்தனையோ மடங்கு வெற்றியாளர். 1967க்குப் பிறகு கிண்ணம் காணாத ஊருக்கு அது தோல்வி. ஒருவருக்குப் போதாததை இன்னொருவர் கனவு காண்கிறார். 2024இல் வாஷிங்டன் போல நாங்கள் நுழைந்து முதல் சுற்றில் அடிவாங்கியிருந்தால் நான் ஸ்காபரோ முழுக்க லட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த 91 புள்ளி அணி அப்போதும் அதே அணியாகத்தானே இருந்திருக்கும்? பிலடெல்ஃபியாவின் காலிக் கூட்டுக்குள் வில்லை போயிருக்காவிட்டால் ஐசர்மன் கெட்டிக்காரர் ஆகிவிடுவாரா?

அதனால் பிளேஓஃபை வைத்து அளப்பதை நான் விட்டுவிட்டேன். அவர் முடிவெடுத்த நாளில் கையில் என்ன இருந்தது, என்ன செய்தார் என்றுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் முதல் மூன்று வருசத்துக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன். அடகை மீட்டார், சைடரையும் ரேமண்டையும் கொண்டுவந்தார், 2024 செப்டெம்பரில் இருவரையும் நீண்ட ஒப்பந்தத்தில் நியாயமான சம்பளத்துக்குக் கட்டிப்போட்டார். அடுத்த மூன்று வருசத்துக்குச் சித்தியே கிடையாது. பொறுமை முதலில் ஒரு திட்டமாக இருந்தது. பிறகு எந்தக் கேள்விக்கும் அதுவே பதில் ஆகிவிட்டது. 2024 டிசம்பரில் பயிற்சியாளர் டெரெக் லாலண்டை நீக்கியதும், டொட் மக்லெலன் அதே ஆட்களை வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் வென்று காட்டினார். அப்படியென்றால் அந்த முடிவும் தாமதம்தானே?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வின்சருக்குப் போனோம். மருமகன்தான் கார் ஓட்டினான். மண்டபத்துக்குப் போகுமுன் ஆற்றங்கரையில் நிறுத்தச் சொன்னேன். ஜோ லூயிஸ் அரீனாவை இடித்து வருசக்கணக்காகிறது. அந்த இடத்தில் கண்ணாடி அடுக்குமாடி ஒன்று எழும்பி நிற்கிறது. புது அரீனா நகரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது, கரையிலிருந்து பார்க்க முடியாது. கொஞ்ச நேரம் நின்றோம்.

"நீ போன வருசம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எது, பேர் தெரியாத ஆள் கதையா?"

"ஓம். இரண்டு வருசத்துக்கு முன்னமே கலைச்சிருப்பன்."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப ஐசர்மனை?"

கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி காரில் ஏறினேன்.